புயலுக்குப் பின் பிறந்த இசைத்தட்டு

செவியோடும் உள்ளத்தோடும் இசைந்து போவதால் இசைக்கு அப்பெயர் வந்தது என்று நம் தமிழாசிரியர்கள் வகுப்பில் விளக்கக் கேட்டிருக்கிறோம். அங்ஙனமாயின், இசைய மறுக்கும் இசை என்று ஒன்று உண்டா? உண்டு. மேலை நாட்டில் அதற்கு ‘டெத் மெட்டல்’ என்று பெயர். ‘மரண உலோகம்’ என்று மொழிபெயர்த்தால் இரும்புக் கடைப் பெயர்ப்பலகை போலத் தோன்றும். ஆகவே டெத் மெட்டல் என்றே வைத்துக்கொள்வோம். கிட்டாரின் நரம்புகளைத் தளர்த்தித் தாழ்ந்த சுருதியில் வைத்து, மின்கருவியால் அதன் ஒலியைக் கரகரக்கச் செய்து, இரண்டு கால்களாலும் பெருமுரசை இடைவிடாது அதிர வைத்து, அவற்றின் மேல் அடித்தொண்டையிலிருந்து ஒருவர் உறுமுவார். பாடுபொருளோ பெரும்பாலும் சாவும் பிணமும் நரகமும். காதலும் இல்லை, நிலவும் இல்லை.

விடுதியில் என் அறை நண்பர்கள் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். “அரிசி ஆலையில் பெல்ட் அறுந்தால் இப்படித்தான் சத்தம் வரும்” என்றான் ஒருவன். அவன் தந்தை அரிசி ஆலை வைத்திருப்பவர். ஆகையால் அந்த உவமையை நான் மறுக்கவில்லை. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், நான் காதில் மாட்டியிருந்ததை வாங்கி அரை நிமிடம் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, உனக்கு யார் மேல் இவ்வளவு கோபம்?” என்று கேட்டார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையை அவர் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ‘சினிக்’ என்னும் குழுவின் முதல் இசைத்தட்டைப் பற்றி. பெயர் ‘ஃபோகஸ்’. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ரோடுரன்னர் நிறுவனத்தார் வெளியிட்டது. எட்டுப் பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ 36 நிமிடங்கள், நம் வகுப்பு நேரம் ஒன்றைவிடக் குறைவு. இசைத்தட்டு என்று சொல்கிறேனே தவிர, அந்தத் தட்டை நான் கண்ணால் கண்டதில்லை. கணினித் துறையில் பயின்ற மூத்த மாணவர் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து என் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார். இயற்பியல் மாணவனாகிய எனக்கு ‘ஃபோகஸ்’ என்றால் குவியம். சிதறி வரும் கதிர்கள் வில்லையைக் கடந்து ஒரு புள்ளியில் சேருமிடம். இந்தத் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

அமெரிக்க நாட்டின் தென்கோடியில் உள்ள ஃபுளோரிடா மாநிலம்தான் டெத் மெட்டலின் தொட்டில்களுள் முதன்மையானது. அங்கு டாம்பா நகரில் ‘மோரிசவுண்ட்’ என்றோர் ஒலிப்பதிவுக் கூடம். டெத், மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, டிசைடு என்று அக்காலத்துப் பெருங்குழுக்கள் பலவும் அங்கே பதிவு செய்தவை. மியாமி நகரில் 1987-இல் தொடங்கப்பெற்ற சினிக், இவர்களுக்கெல்லாம் இளைய குழு. கிட்டார் வாசித்துப் பாடுபவர் பால் மாஸ்விடல். முரசுக்காரர் ஷான் ரெய்னர்ட். இருவரும் 1971-இல் பிறந்தவர்கள், பள்ளிப் பருவத்துத் தோழர்கள். டெத் குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் 1991-இல் ‘ஹியூமன்’ என்ற இசைத்தட்டை உருவாக்கியபோது இவ்விருவரையும் அழைத்து வாசிக்கச் செய்தார். அப்போது அவர்களுக்கு வயது இருபது. ஓர் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் வயதில், தம் துறையின் முன்னோடி ஒருவர் தேடிவந்து அழைத்தார் என்றால் அவர்களுடைய கைத்திறன் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு சினிக் ஒரு மாதிரிப் பதிவு செய்தது. ‘யூரோபோரிக் ஃபார்ம்ஸ்’, ‘தி ஈகிள் நேச்சர்’ ஆகிய பாடல்கள் அதில் இருக்கின்றன. பின்னால் அவையே ‘ஃபோகஸ்’ தட்டிலும் இடம்பெற்றன. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பாடம். 1991-இல் கேட்பது திறமை மிக்க இளைஞர்களின் வேகம், அவ்வளவுதான். உறுமலும் பாய்ச்சலும் உண்டு, ஆனால் அப்படி வாசிக்கக்கூடியவர்கள் அந்நாளில் வேறு சிலரும் இருந்தார்கள். 1993-இல் கேட்பது வேறு உலகம். இடையில் என்ன நடந்தது?

இடையில் ஒரு புயல் நடந்தது.

1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் விடியற்காலை ‘ஆண்ட்ரூ’ என்னும் பெரும்புயல் மியாமிக்குத் தெற்கே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 265 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது. ஃபுளோரிடாவில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அவற்றுள் ஒன்று சினிக் குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான ஜேசன் கோபலின் வீடு. குழுவினர் ஒத்திகை பார்த்த இடமும் அதோடு போயிற்று. முதல் இசைத்தட்டின் ஒலிப்பதிவுக்கு ஆயத்தமாக இருந்தவர்கள் பணியை நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் எஞ்சிய நாட்களில் அவர்கள் புதிய பாடல்களை எழுதினார்கள், பழையவற்றை மாற்றினார்கள். 1993-இல் மோரிசவுண்டுக்குள் நுழைந்தபோது அவர்களிடம் இருந்தது முந்திய ஆண்டு பதிவாகியிருக்கக்கூடிய தட்டு அன்று.

நான் வேதாரணியம் வட்டத்தைச் சேர்ந்தவன். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. ஆண்ட்ரூவோடு ஒப்பிட்டால் கஜா சிறிய புயல்தான். ஆனால் புயலை அளப்பவர்களுக்கு ஒரு கணக்கு, அடியில் இருந்தவர்களுக்கு ஒரு கணக்கு. எங்களுக்கு அறுபத்திரண்டு தென்னை இருந்தன. விடிந்து பார்த்தபோது ஒன்பது நின்றன. மற்றவை எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. அப்பா தோப்பின் வரப்பில் நின்றபடி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் எங்கள் ஊர் மார்கழிப் பாடற்குழுவில் முதற்குரல் எடுப்பவர். விடியற்காலை நான்கு மணிக்கே தெருவில் அவர் குரல் கேட்கும். அந்த மார்கழியில் அவர் போகவில்லை. அடுத்த மார்கழியிலும் போகவில்லை. கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்றார்.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தத் தட்டின் வரலாற்றை முதன்முதலில் படித்தபோது என்னை நிறுத்தியது அந்த இடைவெளிதான். வீடு போய்விட்டது, கருவி வாசிக்க இடமில்லை. பிறகு ஒரு வசந்தம் வருவதற்குள் அவர்கள் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அழிவைப் பற்றிப் பாடுவதையே தொழிலாகக் கொண்ட இசை வகை அது. உண்மையான அழிவு வந்தபின் அவர்கள் பாடியதோ அமைதியை. உறுமல் குறைந்தது, இசையில் காற்றும் வெளிச்சமும் புகுந்தன. புயல்தான் இதற்கு முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஜாஸ் இசையின்பால் அவர்கள் முன்பே சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் காத்திருக்க நேர்ந்த மாதங்கள் இல்லாவிட்டால் அந்தச் சாய்வு முதல் தட்டிலேயே இவ்வளவு முற்றியிருக்காது.

முதற்பாடல் ‘வெய்ல் ஆஃப் மாயா’. மாயையின் திரை. ‘மாயா’ என்பது நம் சொல்லேதான். தமிழ்த்துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே, “எந்த மாயை? வேதாந்த மாயையா, சித்தாந்த மாயையா?” என்று கேட்டுவிட்டார். நல்ல கேள்விதான். வேதாந்திகளுக்கு மாயை உண்மையை மறைக்கும் திரை. சைவ சித்தாந்திகளுக்கோ அது மும்மலங்களுள் ஒன்றாயினும் உள்பொருள். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குக் கைவிளக்குப் போல் உதவுவது. பாடலின் தலைப்பு முதல் கட்சியைச் சேர்ந்தது. பாடலின் ஒலியோ எனக்கு இரண்டாம் கட்சியாகத் தோன்றுகிறது. மறைப்பதைவிடக் காட்டுவது அதிகம்.

அப்பாடலில் முதலில் செவியைத் தாக்குவது மாஸ்விடலின் குரல். அது மனிதக் குரலாக இல்லை. எந்திரம் ஒன்று தன் தனிமையை உணர்ந்து பாடத் தொடங்கினால் எப்படி இருக்கும், அப்படி. ‘வோகோடர்’ என்னும் கருவியின் வழியே அவர் பாடியிருக்கிறார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி என்ற அறிஞர் 1930-களில் உருவாக்கிய கருவி இது. இரண்டாம் உலகப்போரில் இரகசியத் தொலைபேசிப் பேச்சுக்குப் பயன்பட்டது. தத்துவம் எளிது. மனிதக் குரலை வடிகட்டிகளால் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் ஆற்றல் எவ்வளவு என்று கணந்தோறும் அளக்க வேண்டும். அந்த அளவுகளை வேறோர் ஒலியின் மீது, எடுத்துக்காட்டாக மின்னிசைக் கருவி ஒன்றின் ஒலி மீது, ஏற்ற வேண்டும். அப்போது சொற்கள் தப்பிப் பிழைக்கும். சொன்னவரின் தொண்டை மறைந்துவிடும்.

மாஸ்விடல் ஏன் இதைக் கையாண்டார்? முந்திய பதிவுகளில் உறுமியவர் அவரேதான். தொண்டைக்குள் உண்மையான குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என இரு மடிப்புகள் உண்டு. அவற்றையும் சேர்த்து அதிரச் செய்வதால் அந்த உறுமல் பிறக்கிறது. பழகாமல் செய்தால் புண்ணாகும். தொடர்ந்து உறுமினால் குரலையே இழக்க நேரும் என்ற நிலை அவருக்கு வந்தது. ஆகவே உறுமும் பொறுப்பை டோனி டீகார்டன் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் எந்திரக் குரலுக்குள் போய் அமர்ந்தார். கலையில் சில புதுமைகள் ஆராய்ச்சியால் வருகின்றன. சில தொண்டை வலியால் வருகின்றன.

இந்த ஏற்பாட்டின் விளைவை எண்ணிப் பாருங்கள். தட்டு முழுவதும் இரண்டு குரல்கள். ஒன்று விலங்கின் குரல், மற்றொன்று எந்திரத்தின் குரல். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மனிதனின் இயல்பான குரலைத்தான் பெரும்பாலும் காணோம். அந்த வெற்றிடத்தை நிரப்புவது கருவிகள். சிறப்பாக ஷான் மலோன் வாசித்த பேஸ் கிட்டார். அது மெட்டுக் கட்டைகள் இல்லாதது. வீணைக்கு இருபத்துநான்கு மெட்டுகள் உண்டு, கோட்டுவாத்தியத்திற்கு அவை இல்லை. அந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும். சுற்றிலும் கிட்டார்கள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொண்டிருக்க, அடியில் ஒரு குரல் குழைந்து பேசிக்கொண்டே போகும். மனிதர் அங்கேதான் இருக்கிறார். இந்தத் தட்டைக் கேட்கப் புகுவோருக்கு நான் தரும் அறிவுரை, முதல் முறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு நடங்கள் என்பதே.

ரெய்னர்ட் வாசித்த முரசைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கால்களில் டெத் மெட்டலும் கைகளில் ஜாஸும் என்று சுருக்கமாகச் சொல்லலாம். கால்கள் இடியாக முழங்கும்போதே வலக்கை தாளத்தட்டின் மேல் மழைத்துளி போல் விழுந்துகொண்டிருக்கும். கணக்கு இடையிடையே மாறும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று நேர்நடைக்குத் திரும்பும். நாம் கால் தட்டிக்கொண்டிருந்தால் நடு வழியில் விடப்படுவோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ‘தி ஈகிள் நேச்சர்’ பாடலில் உறுமல் வேறெங்கோ பதிவு செய்து பின்னால் ஒட்டவைத்தது போலத் தனித்து நிற்கிறது. ‘யூரோபோரிக் ஃபார்ம்ஸ்’ பழைய சட்டையைப் புதிய உடம்புக்கு மாட்டியது போல் அங்கங்கே பிடிக்கிறது. குழுவின் இளமையை நினைவூட்டவே அதை வைத்திருக்கிறார்கள் போலும். சில இடங்களில் ஒரு நல்ல எண்ணம் காலூன்றுவதற்குள் அடுத்தது வந்து அதைத் தள்ளிவிடுகிறது. இருபத்திரண்டு வயதில் அறிந்ததெல்லாம் ஒரே விடைத்தாளில் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் அது. நமக்கும் தெரிந்த அவசரம்தான். ‘ஐயம் பட் எ வேவ் டு’ என்ற பாடலை நான் இன்னும் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் ‘சென்டிமென்ட்’ பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். உறுமல் இல்லை, பாய்ச்சல் இல்லை. மெல்லிய தாளத்தின் மேல் யாரோ காதருகே பேசுவது போன்ற குரல். இந்த இசை வகையில் அதற்கு முன் அப்படி ஒரு நிமிடம் எத்தனை தட்டுகளில் இருந்திருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, புதுக்கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். கன்று என்று வழக்கத்தில் சொல்கிறேன். நட்டு ஆறாண்டு ஆகிவிட்டது, சிலவற்றில் பாளை வந்துவிட்டது. மோட்டார் ஓடும் வரை வேலை இல்லை. நான் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து அமர்ந்து, “என்ன தம்பி கேக்குற?” என்றார். ஒரு பக்கத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ‘வெய்ல் ஆஃப் மாயா’ ஓடிக்கொண்டிருந்தது. உறுமல் வந்ததும் முகத்தைச் சுளித்தார்; கழற்றுவார் என்று நினைத்தேன், கழற்றவில்லை. நடுவில் எல்லாம் அடங்கி, கிட்டார் தெளிந்து, அந்த எந்திரக் குரல் மட்டும் மெதுவாக எழும் பகுதி வந்தது. அது முடிந்து மீண்டும் இரைச்சல் தொடங்கியபோதுதான் கழற்றினார். சிறிது நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த அமைதியா வந்த எடம் மறுபடி வருமா?” என்று கேட்டார்.

“வரும்பா. கொஞ்சம் பொறுக்கணும்” என்றேன்.

“பொறுக்குறேன்” என்று சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டார்.

எங்கள் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை இவ்வளவே, ஐயா. கோபம் யார் மேலும் இல்லை. இந்த இசையில் அமைதி இலவசமாகக் கிடைப்பதில்லை. இரைச்சலைக் கடந்துதான் அதை அடைய வேண்டியிருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே இனிக்கும் பாட்டில் வரும் அமைதியை ஊரில் யாரும் நம்பாத ஓர் ஆண்டு எங்களுக்கு இருந்தது.

‘ஃபோகஸ்’ வெளிவந்தபோது உலகம் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிவிடவில்லை. 1994-இல் ‘கானிபல் கார்ப்ஸ்’ என்னும் குழுவோடு அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று வாசித்தார்கள். நரமாமிசத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் குழுவைக் காண வந்த கூட்டத்தின் முன் எந்திரக் குரலும் ஜாஸும் எடுபடுமா? அந்தப் பயணத்தில் உறுமல் பகுதியைப் பாடியவர் டேனா காஸ்லி என்னும் பெண்மணி என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அடித்தொண்டை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டு குழு கலைந்தது. ஒரே ஒரு தட்டு, பிறகு மௌனம். அந்த மௌனத்தில்தான் தட்டு கைமாறிக் கைமாறிப் பரவியது. இன்று இவ்வகை இசையில் நுண்மையாக வாசிக்கும் இளைஞர் குழுக்களுள் இதற்குக் கடன்படாதவை குறைவு. இதன் முதற்பாடலின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட குழுவும் ஒன்று உண்டு. சினிக் 2006-இல் மீண்டும் கூடியது. 2008-இல் ‘டிரேஸ்டு இன் ஏர்’ என்னும் இரண்டாம் தட்டு வந்தது. முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்!

மாஸ்விடலும் ரெய்னர்ட்டும் தாம் தன்பாலீர்ப்பாளர்கள் என்று 2014-இல் வெளிப்படையாக அறிவித்தார்கள். முரட்டு ஆண்மையைப் பறைசாற்றும் ஓர் இசை உலகில் அதுவரை அதைப் பொதுவெளியில் சொல்லாமல் இருந்தவர்கள். அதை அறிந்தபின் கேட்டால், தொண்டையை மறைத்துச் சொல்லை மட்டும் வெளியே விடும் அந்தக் கருவி வேறு விதமாகக் கேட்கிறது.

ரெய்னர்ட் 2020-ஆம் ஆண்டு சனவரி 24-இல் மறைந்தார், வயது 48. அதே ஆண்டு டிசம்பர் 7-இல் மலோன் மறைந்தார், வயது 50. முரசும் பேஸும் ஒரே ஆண்டில் போயின. நான் இந்தத் தட்டை முதலில் கேட்டதே அதற்குப் பிறகுதான்.

ஏழாவதாக ‘டெக்ஸ்சர்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. சொற்களே இல்லாத கருவியிசை. நாலே முக்கால் நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. விலங்கும் இல்லை, எந்திரமும் இல்லை. தெளிந்த கிட்டார் ஒன்று தொடங்கிவைக்க, பேஸும் முரசும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு நடக்கின்றன. ஓரிடத்தில் பேஸ் மேலேறி நின்று தனியே பேசுகிறது. முரசு தன் ஒலியைத் தாழ்த்தி அதற்கு வழி விடுகிறது. விடுதியில் விளக்கணைத்தபின் நான் போட்டுக் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அரிசி ஆலை நண்பனும் அதற்கு மட்டும் மறுப்புச் சொல்வதில்லை. நேற்று இரவு, “கொஞ்சம் சத்தமா வை” என்றான்.